ஸ்டெல்லா அக்கா கேட்ட வாசனை

பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கைப்பேசி அடித்தது. காரிமங்கலத்தில் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் வாட்ச்மேன். "டீச்சர், நம்ம லேப் ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க" என்றார். "எந்த ஊருக்கு மாத்தியிருக்காங்க?" என்று கேட்டேன். "இல்லீங்க டீச்சர், எறந்துட்டாங்க" என்றார். காலையில் பால்காரர் தட்டியும் கதவு திறக்காததால் பக்கத்து வீட்டார் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

காரிமங்கலம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு, வேதியியல் ஆய்வகத்தில் நீலச் சேலையும் கையுறையுமாக நின்ற ஸ்டெல்லாவைத் தெரியும். "அவசரம்னா அந்தப் பக்கம் போய் டியூப் கழுவுங்க, ஆசிட் கிட்ட வராதீங்க" என்று பிள்ளைகளை விரட்டும் குரலும் நினைவிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கணவர் எப்போதோ பிரிந்து போய்விட்டார். ஒரே மகள் ஜெனி, கல்லூரி முதலாண்டு. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. தாய் பிழைத்தார். மகளின் உடலை மூடிக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அடக்கம் முடிந்து பத்து நாளில் ஜெனி பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. ஜெல் மெழுகு, திரிகள், மூன்று சிறிய பாட்டிலில் வாசனை எண்ணெய். லீவில் வாசனை மெழுகுவர்த்தி செய்து பார்க்கலாம் என்று ஆர்டர் போட்டிருக்கிறாள். ஸ்டெல்லா அக்கா பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. தன் மோப்ப சக்தி போய்விட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அது திரும்பி வரவே இல்லை.

அந்தப் பார்சலை அவர் வீணாக்கவில்லை. கட்டியான ஜெல்லைக் கத்தரித்து எவர்சில்வர் சட்டியில் போட்டு, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, சிறு தீயில் உருக்குவார். கண்ணாடி டம்ளரின் அடியில் மணலும் சிப்பியும் போட்டு, குமிழி வராமல் இருக்க டம்ளரையும் லேசாகச் சூடாக்கி வைப்பார். வாசனை எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு மெல்ல ஊற்றுவார். ஆறியதும் தண்ணீர் உறைந்து நிற்பது போல இருக்கும். சனிக்கிழமைகளில் நான் போவேன். "ஜாஸ்தியா இருக்குதுங்களா, கம்மியா இருக்குதுங்களா, மோந்து பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்பார். ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது சட்டி புகைந்துகொண்டிருந்தது. அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரி நறுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். "எனக்கு வூடே எரிஞ்சாலும் தெரியாதுங்க" என்றார், காய்கறி விலை சொல்வது போல.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை, பீரோவிலிருந்து ஜெனியின் மஞ்சள் சுடிதாரை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். "தொவைக்காம வெச்சிருக்கேனுங்க. இதுல அவ வாசனை என்னன்னு சொல்லுங்க. அதே மாதிரி ஒண்ணு செய்யணும்." முகத்தருகே கொண்டுபோனேன். பாச்சை உருண்டை நாற்றம் மட்டும்தான் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேங்காய் எண்ணெய். கொஞ்சம் மரிக்கொழுந்து" என்றேன்.

மரிக்கொழுந்துக்கு அவர் பட்ட பாடு பெரிது. கடையில் வாங்கிய சென்ட் ஜெல்லோடு சேராமல் பால் போலக் கலங்கிவிட்டது. எங்கெங்கோ விசாரித்து, ஜெல்லோடு சேரும் எண்ணெயைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். தெளிவாக வந்த முதல் மெழுகுவர்த்தியை ஜெனி படத்தின் முன் ஏற்றினார். தினமும் ஏற்றினார். சனிக்கிழமை தோறும் அந்த வாசனையில் உட்கார்ந்திருக்க எனக்கு மூச்சு முட்டியது.

பாலக்கோட்டுக்கு மாறுதல் வந்தபோது, சொல்லிக்கொண்டு போகப் போனேன். இனியும் மறைக்க முடியாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பாச்சா உருண்டைய உள்ள போட்டதே நாந்தானுங்களே. அதுவும் இல்லாம, ஜெனி தலையில பூ வெச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

ஜெனிக்கு இரண்டு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். பூ வைத்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏங்க்கா செஞ்சீங்க?"

"அவ போன பொறவு அவளப் பத்திப் புதுசா ஒரு வார்த்தை சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க. பொய்யாவே இருக்கட்டுமே."

அதன் பிறகு அவர் மெழுகுவர்த்தி செய்யவில்லை. என் பொய் இருந்தவரை அவருக்குக் கைவேலை ஒன்று இருந்தது. மனச்சுமையை இறக்கிவைக்கப் போய் அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அவர் வேறு மாதிரி சொல்லக்கூடும். கேட்க இனி வழியில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் கடைசியாகப் பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். சாப்பாட்டில் ருசி இல்லாமல் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவதாகச் சொன்னார். டாக்டரிடம் போகலாமா, ஏதாவது வாங்கி வரட்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். "ஒண்ணும் வேணாமுங்க. சும்மா செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். உட்கார்ந்தேன். வெளியே சந்தைக்குப் போன டிராக்டர்கள் திரும்பிக்கொண்டிருந்தன. அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த அரைமணி நேரம் மட்டும்தான். அதிலும் பாதி நேரம், ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொள்வது என யோசித்துக்கொண்டிருந்தேன்.