கீறிய இடத்தில் கைதட்டல்

விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் மைக்செட் கடை வைத்திருந்த விருத்தகிரிக்குப் பொறாமை என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். அடுத்தவன் குழாய் ஸ்பீக்கருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தால் இவருக்குச் சோறு இறங்காது. நல்ல தொழில்காரர்தான். ஆனால் கல்யாண வீட்டில் சமையல்காரரைக்கூட நாலு பேர் புகழ்வார்கள். செட்டுக்காரரை யார் திரும்பிப் பார்த்தார்கள்? அந்தக் கோபம் அவருக்கு எப்போதும் உண்டு. நியாயமான கோபம்தான்.

எழுபத்து நாலில் எதிர்க்கடை கியாசுதீனுக்கு அவன் மச்சான் துபாயிலிருந்து ஒரு ரெக்கார்டு கொண்டுவந்தான். அட்டையில் தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள், கையில் கிட்டார். மேடையில் வாசித்ததை அப்படியே பிடித்த ரெக்கார்டு அது. தொடக்கமே ஜனங்களின் கைதட்டல்தான். பாட்டுக்குப் பாட்டு விசில் வேறு. கியாசுதீன் அதை ஒரு காதுகுத்தில் போட்டான். அடுத்த தெருக் கல்யாணத்தில் விருத்தகிரி பக்திப்பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். சினிமாக்காரர் யாரோ வந்திருக்கிறார், அதான் இந்த ஆரவாரம் என்று பந்தலே எழுந்து அங்கே ஓடியது. போனவர்கள் ஏமாந்து சிரித்தார்கள். ஆனால் திரும்பி வரவில்லை. அவர் மனைவி சொர்ணாம்பாளும் போயிருந்தாள்.

"பாட்டு ஒண்ணும் புரியலங்க. ஆனா அந்தக் கைதட்டலக் கேட்டா வூட்டுக்கு வரவே மனசு வரல" என்றாள்.

மாசி மகத்துக்கு யார் செட் என்பதை முடிவு செய்பவர் விழாக் கமிட்டித் தலைவர் சக்கரபாணி, ஊறுகாய் ஜாடி கம்பெனி முதலாளி. கடை போட்ட நாளிலிருந்து மாசி மகம் விருத்தகிரியுடையது. இந்த முறை சக்கரபாணி, "ஆயுதபூஜைக்கு ரெண்டு பேரும் நம்ம கம்பெனில போடுங்க. காலைல விருத்தகிரி, சாயங்காலம் கியாசுதீன். எது நல்லாருக்குதோ அதான் மாசி மகத்துக்கு" என்றுவிட்டார்.

ஆயுதபூஜையன்று சூளை எரியவில்லை. மண் அரைக்கும் மிஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. காலையில் விருத்தகிரி போட்ட பாட்டை யாரும் குறை சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மதியம் கியாசுதீன், "அண்ணே, தொழுதுட்டு வந்துடறேன். செட்டக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்த்துக்கொண்டார். ரெக்கார்டை மெல்ல ஓடவிட்டு, கைதட்டல் வந்த இடத்தில் நிறுத்தி, அங்கேயே ஊசியால் ஒரு கீறல் போட்டார். பாட்டின் மேல் அவருக்குக் கோபமில்லை. அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் சக்கரபாணி வழக்கம்போல் நீளமாகப் பேசினார். தொழிலாளிகள் வழக்கம்போல் பொரியும் கடலையும் தின்றார்கள். அவர் பேச்சுக்கு ஒருநாளும் ஒருவரும் கைதட்டியதில்லை. "நன்றி, வணக்கம்" என்றதும் கியாசுதீன் ரெக்கார்டின் மேல் பிளேயர் முள்ளை வைத்தான். கைதட்டல் எழுந்தது. முள் கீறலில் மாட்டி, முன்னே போகாமல் அதே இடத்தையே சுற்றியது. கைதட்டல் நிற்கவே இல்லை. சக்கரபாணி கும்பிட்டார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கும்பிட்டார். சிரிப்பை அடக்கமாட்டாத தொழிலாளிகள் தாங்களும் தட்டத் தொடங்கினார்கள். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாசி மகம் கியாசுதீனுக்குத்தான்!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

ஆயுசிலேயே முதல் தடவையாக விருத்தகிரியின் கைவேலைக்கு ஊர் கைதட்டுகிறது. என் வேலை என்று வாய் திறக்க முடியுமா? கியாசுதீன் அவர் காதோரம் குனிந்து, "ரெக்கார்டு எங்கியோ கீறிப்போச்சுண்ணே. அல்லா காப்பாத்தினான்" என்றான். பூஜை பார்க்க வந்திருந்த சொர்ணாம்பாள் அவர் முழங்கையை இடித்தாள்.

"எல்லாரும் தட்டுறாங்க, நீங்க மட்டும் ஏங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

விருத்தகிரி தட்டினார்.