கிராணியாரின் பேப்பரும் நல்லம்மாளின் கஞ்சியும்

நல்லம்மாளைப் பற்றிக் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கஞ்சியைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் வரும். செங்கல் சூளைகளுக்கும், ரயில்வே கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கும் நடுவே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், காலை வேளையில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் விற்றுப் பிழைத்தவள். நாகப்பட்டினத்தில் அவளோடு கப்பல் ஏறிய புருஷன், தண்டவாளம் போடும் வேலையில் காட்டுக்காய்ச்சல் கண்டு போய்விட்டான். ஊருக்கே திரும்பிப் போ என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "அங்க போய் யார் வீட்டு வாசல்ல நிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். அவள் கையால் கஞ்சி குடிக்காத ரயில்வேக்காரன் அந்தப் பக்கம் கிடையாது. அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவனும் கிடையாது.

பெரிய சண்டை முடியப்போகிற வருஷம் அது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு. விஷக்காய்ச்சல் கப்பலில் வந்து இறங்கி, ரயில் ஏறிக் கோலாலம்பூருக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது அதைப் பற்றிய பேச்சு. பேச்சைக் கொண்டு வந்தவர் ராதாகிருஷ்ணன். ரயில்வே சரக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. துரை வாசித்துப் போட்ட இங்கிலீஷ் பேப்பரைச் சாயங்காலம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரெங்கசாமியின் முடிவெட்டும் கடைக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, ஒரு வரி வாசித்து அதைத் தமிழில் சொல்வார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும்.

மனிதர் கெட்டவரில்லை. ஆனால் நாலு பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது, உப்பும் காரமும் தானாக விழும். பேப்பரில் நாலு வரி இருந்தால் அவர் வாயில் அது நாற்பது வரியாகும். "சிலர் இறந்தனர்" என்று அச்சடித்திருந்தால், "கொத்துக் கொத்தாச் சாவுறாங்களாம்" என்பார். பேப்பர்காரன் மட்டும் சும்மாவா? சாவு விழுந்த பட்டணத்தின் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவான். பேப்பர்காரன் ஒரு படி அளந்தால் கிராணியார் இன்னொரு படி சேர்த்து அளந்தார். தொட்டாலே, மூச்சுக்காற்று பட்டாலே போதும், மறுநாள் பாடைதான் என்று ஒரு சாயங்காலம் சொன்னார். அன்றிலிருந்து ஒரு வீட்டில் யாராவது இருமினால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

சாவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரயில்வே லயத்திலேயே இரண்டு பேர் போனார்கள். ஆனால் காய்ச்சல் கண்டு, போர்த்திப் படுத்து, ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போனவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கணக்கைச் சொல்ல ஒரு வாயும் இல்லை.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, கிள்ளான் ரயிலில் வந்து இறங்கிய மாரியாயி தள்ளாடிக்கொண்டு வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தாள். இருபது வயதிருக்கும். காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். அண்ணன் ரயில்வேயில் இருக்கிறான் என்று தேடி வந்திருக்கிறாள். அவன் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. உடம்பு அனலாகக் கொதித்தது. "அக்கா, தண்ணி" என்றாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கலயத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

"தொடாதீங்க அக்கா. தோட்டத்திலேர்ந்து காய்ச்சலக் கொண்டாந்திருக்கா" என்றார் நாகையா. தண்டவாளக் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அவர்.

நல்லம்மாள் தண்ணீர் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. மாரியாயியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க நடத்தியே தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் கஞ்சிப் பானை அப்படியே நிறைந்து கிடந்தது. நாகையா மட்டும் எட்டி நின்று சொன்னார்: "உங்க கஞ்சியக் குறை சொல்லலக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"பிள்ளைங்களப் பாருங்க, வேணாங்கல. அதுக்காக ஒரு பொம்பள தண்ணியில்லாம மரத்தடியில சாகணுமா?"

நாகையா தலையைக் குனிந்துகொண்டு போனார். அவளுக்கு ஆத்திரம் அவர்மேல் இல்லை. அன்று சாயங்காலம் நேராக முடிவெட்டும் கடைக்குப் போனாள். பெண்கள் கால் வைக்காத இடம். ரெங்கசாமி கத்தியைப் பிடித்த கையோடு நின்றுவிட்டார்.

"கிராணியாரே, தினம் செத்தவனையே வாசிக்கிறீங்களே. எந்திரிச்சு உக்காந்தவன் ஒருத்தனக்கூட வாசிக்க மாட்டேங்கிறீங்க?"

"பேப்பர்ல போட்டாத்தானேம்மா வாசிக்க முடியும்" என்றார் ராதாகிருஷ்ணன்.

"போட்டத மட்டுந்தான் வாசிக்கிறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். கிராணியாரின் முகம் சுருங்கிவிட்டது.

"உங்க பேப்பரும் பொய், நீங்க சொல்றதும் பொய். இந்தக் காய்ச்சல்ல சாவுறவங்களவிடப் பயத்துல சாவுறவங்கதான் அதிகம். அந்தப் பொண்ணு எந்திரிப்பா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து பார்த்தபோது அவளுக்கே அந்தச் சொல்லில் நம்பிக்கை போய்விட்டது. மாரியாயியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு, பானையில் கொதி வந்தாற்போலத் தொண்டையில் கரகரத்தது. அவளை நிமிர்த்தி, தன் மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டாள். கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினாள். ஊட்டியதில் பாதி வழிந்தது. இவள் செத்துப்போனால் கிராணியார் சொன்னதே சரி என்றாகிவிடும், இனிமேல் எந்த வீட்டுக் கதவும் திறக்காது என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே தன்மேல் அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது. "வாதத்துல ஜெயிக்கிறதுக்காடி ஒன்னக் கூட்டிக்கிட்டு வந்தேன்? நீ பொழைச்சாப் போதும்டி" என்று வாய்விட்டே சொன்னாள். அழுதாள். அவள் அழுதது அந்த அறைச் சுவருக்கு மட்டும்தான் தெரியும்.

காய்ச்சல் வேர்த்து இறங்கிய காலை மாரியாயி கண்ணைத் திறந்தாள். கஞ்சியைத் தானே வாங்கிக் குடித்தாள். நல்லம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? சாவு, சாவுன்னு வாசிச்சானுங்க. எல்லாம் கட்டுக்கதை."

மாரியாயி கலயத்தைக் கீழே வைத்தாள். "கதை இல்லக்கா. எங்க லயத்துல பாதிக்குமேல போயிட்டாங்க. தூக்க ஆளில்லாம மாட்டுவண்டியில அடுக்கி ரப்பர்க் காட்டுக்குப் பின்னால புதைச்சாங்க. எங்க வீட்டு அவுகளயும் அப்படித்தான். மூஞ்சிய மூடக்கூட என்னை விடல."

நல்லம்மாள், ரெங்கசாமி கடையில் தினமும் வாசித்ததாகக் கஞ்சி குடிக்க வருகிறவர்கள் சொன்ன பேச்சில் காப்பார் என்ற பெயர் ஒரு தரமாவது வந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். பம்பாய் வந்தது, சிங்கப்பூர் வந்தது, கப்பலில் செத்துப்போன எந்தத் துரையோ வந்தான். இருபது மைலில் இருக்கிற காப்பார் வரவில்லை. பிழைத்தவனையும் எண்ணாமல், செத்த கூலிக்காரனையும் எண்ணாமல் இவர்கள் என்னத்தைத்தான் அச்சடிக்கிறார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாரியாயிக்கு நடக்கத் தெம்பு வந்ததும், பேப்பர் வாசிக்கிற நேரம் பார்த்து அவளைக் கைப்பிடியாய் முடிவெட்டும் கடைக்கு நடத்திக்கொண்டு போனாள். கூட்டம் பிளந்து வழிவிட்டது, பாதி மரியாதையிலும் பாதிப் பயத்திலும். நாகையா எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். கிராணியார் பேப்பரை விரித்தபடி இருந்தார்.

"மடிச்சு வைங்க கிராணியாரே. நானும் அன்னிக்குத் தப்பாத்தான் பேசிட்டேன். இது பொய்க் காய்ச்சல் இல்ல. ஆனா நீங்க சொன்ன மாதிரியும் இல்ல. தொட்டா மறுநாள் பாடைன்னீங்க. நான் தொட்டேன், தூக்கினேன், மடியில போட்டுக்கிட்டேன். இவளும் இருக்கா, நானும் இருக்கேன். இன்னிக்கு இவளக் கேளுங்க. காப்பார்ல நடந்தது ஒங்க பேப்பர்ல எந்த மூலையிலயும் இல்ல."

ராதாகிருஷ்ணன் மடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "சொல்லும்மா" என்றார்.

மாரியாயி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆண்டியப்பன். அவன் பெண்சாதி குப்பாயி. காதறுந்த பழனி. தண்ணீர் எடுக்கிற வேலாயி, அவள் கைக்குழந்தை, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ரப்பர்ப் பால் கோப்பை கழுவுகிற கிழவன் சடையன். ஒவ்வொரு பெயருக்கும் ஆள் எப்படி இருப்பான் என்பதையும் சொன்னாள்.  கிராணியார் தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு பெயர் பாக்கி என்பது எல்லாருக்கும் புரிந்தது. புருஷன் பெயரை எந்தப் பெண்சாதியும் வாயால் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்தான் எடுத்துக் கொடுப்பார். கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெயர் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. தெரிந்த லயத்துக்காரர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள்.

மாரியாயி தலையை நிமிர்த்தினாள்.

"தம்புசாமி" என்றாள்.