திறந்து பார்க்காமலே சொன்னார்

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் நானும் கல்லூரித் தோழியும் இரண்டு வருடமாக ஒரு கேம் செய்துவருகிறோம். கூடலூரிலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற கேம். படங்கள் அவள் வரைவாள், நிரல் எழுதுவது நான். என் அண்ணன் அந்தப் பாதையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிறவன். எந்த வளைவில் எந்த கியர் என்று சொல்லித் தந்தது அவன்தான்.

போன வருடம் லேப்டாப்பில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இடம் தீர்ந்துபோனது. புதிதாக ஒரு மரத்தைச் சேர்த்தால்கூட எச்சரிக்கை வந்து நின்றது. தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அண்ணன் பைக்கில் கூட்டிப்போனான்.

"லேப்டாப்புக்கு உள்ளயே இன்னொரு எஸ்எஸ்டி போடணும். கேம் செய்யிற வேலை, ப்ராஜெக்ட் அதுலதான் ஓடணும்" என்று லேப்டாப் மாடலையும் சொன்னேன்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம் கேட்டார்: "தங்கச்சி கேம் விளையாடுமா?"

"விளையாடல. செய்யிது" என்றான் அண்ணன்.

"எல்லாம் ஒண்ணுதான். இந்த மாடல்ல உள்ள இன்னொண்ணு போட இடமே கிடையாது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் குடுங்க. பொம்பளப்பிள்ளைக்கு அது போதும்."

லேப்டாப் என் தோள்பையில்தான் இருந்தது. எடுத்து வை என்றுகூட அவர் சொல்லவில்லை. திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கடையில் ஆட்கள் நின்றார்கள், அண்ணன் சங்கடப்படுவான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அண்ணன் வாங்கித்தந்த அந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே வயரில் செருகி, அதில் வைத்தே வேலை செய்தோம். ப்ராஜெக்ட் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். வயர் லேசாக அசைந்தாலே தொடர்பு போய்விடும். மேசையில் முழங்கை ஊன்றக்கூடப் பயந்தோம்.

ஒரு சனிக்கிழமை மதியம் தோழி தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினாள். வயர் கழன்றது. சரியாக நான் சேமித்துக்கொண்டிருந்த நேரம். மறுபடி செருகித் திறந்தபோது கோப்பு கெட்டுப்போயிருந்தது. அவளுடைய லேப்டாப்பில் இருந்த நகல் மூன்று வாரத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு போட்ட ஆறு வளைவுகளும் போயின.

"நான்தான் கெடுத்தேன்" என்று அழுதாள்.

"தண்ணி குடிக்கிறது தப்பா?" என்றேன்.

உள்ளே இடமே கிடையாது என்று கடைக்காரர் சொன்னது நிஜமா என்று நானே பார்த்துவிட நினைத்தேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். ஏற்கெனவே இருந்த எஸ்எஸ்டிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று போடுவதற்கான ஸ்லாட். காலியாக.

திங்கட்கிழமை தனியாக பஸ் ஏறிப் போனேன். மூடியைக் கழற்றி, அவருடைய கவுண்டரிலேயே லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தார். "அன்னைக்கு லேப்டாப் கொண்டாந்திருக்கேன்னு நீ சொல்லலையேம்மா."

"என் தோள்லதான் தொங்குச்சு. நீங்க எங்க அண்ணன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தீக."

"சரி, அண்ணன் நம்பரக் குடு. நான் பேசிக்கிறேன்."

என் வேலை அழிந்திருக்கிறது, என் லேப்டாப் அவர்முன் திறந்து கிடக்கிறது, அவருக்கு இன்னமும் அண்ணன்தான் வேண்டியிருந்தது!

"அவன்கிட்டப் பேச ஒண்ணுமில்ல. அடுத்த பிள்ளை வந்து கேட்டா, திறந்து பாத்துட்டுப் பதில் சொல்லுங்க. இதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அதே தெருவில் வேறொரு கடையில் எஸ்எஸ்டி வாங்கி, வீட்டில் நானே பொருத்தினேன். இப்போது ப்ராஜெக்ட் சட்டென்று திறக்கிறது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தினமும் வேலை முடிந்ததும் ஒரு நகல் எடுக்கிறோம், அவ்வளவுதான். அதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

ஆறு வளைவுகளையும் திரும்பப் போட்டோம். முன்பைவிட நன்றாக வந்திருக்கின்றன என்கிறாள் தோழி. இருக்கலாம். அதற்காக அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை.