இருபத்தொரு நாள் துறவிக்கு ஒரு சம்மதக் கடிதம்

இரண்டு கிழமையாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல், வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதக்கூடிய நிலையிலும் இருக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. மகன் - வீடியோ கோல்.

ஆரூரனுக்கு இருபத்தைந்து வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் என்ற ஊரில், ஒரு சொஃப்ட்வெயர் கொம்பனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். 'சாப்பிட்டியோ?', 'என்ன சாப்பிட்டனி?' என்ற என் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அன்று வைக்கவில்லை.

"அம்மா, நான் பிக்குவாகப் போறன். அதுக்கு உங்கடை சம்மதம் வேணும்."

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டேன்.

இவர் முன் அறையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணித ஆசிரியர். உலகம் இடிந்து விழுந்தாலும் விடையைத்தான் முதலில் பார்ப்பார்.

"இஞ்சேருங்கோ... உங்கடை மோன் மொட்டை அடிக்கப்போறானாம்."

"ஏன், பேன் பத்திட்டுதோ?"

அதற்குப் பிறகு நான் அழுதேன். அவர் சிவப்புப் பேனையை மூடிவைத்தார்.

போன் மூன்று தரம் அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து 'ஹலோ' சொன்னாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வானோ என்று பயம். படித்த மனிசிதான். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது?

கடைசியில் தகப்பனுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அவர் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "மூண்டு கிழமைக்குத்தானாம். அந்த ஊரிலை அது வழமையாம். போட்டிட்டுக் கழட்டலாமாம்."

"என்ன, சேட்டோ போட்டிட்டுக் கழட்ட?"

நான் நம்பவில்லை. என்னை ஏமாற்றுவதற்காகச் சொல்கிறான் என்றே நினைத்தேன். எப்படி நம்புவது? இந்த நாட்டில் சீவரம் என்ற அந்தக் காவி உடுப்பைப் போட்டவர் அதிலேயே இருந்து, அதிலேயே கிழவராகி, அதிலேயே போய்ச் சேருவார். எனக்குத் தெரிந்த பௌத்தம் அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரியாலையில் இருக்கிற என்னைப் போன்ற ஒருத்திக்கு அந்தக் காவியைக் கண்டால் முதலில் வருவது பக்தி இல்லை. அந்த நிறம் எங்கள் பக்கத்துக்குப் பெரும்பாலும் தனியாக வந்ததில்லை. முன்னாலும் பின்னாலும் துவக்குப் பிடித்த ஆமியோடு வந்தது. தெருவோரத்து அரசமரத்தைக் கண்டாலே, நாளைக்கு இதன் கீழே ஒரு புத்தர் சிலையும் சுற்றி வேலியும் வருமோ என்று யோசிக்கிற ஆட்கள் நாங்கள். அந்த உடுப்பை என் பிள்ளை போடுவதா? அயலட்டையில் என்ன சொல்வது? அதைவிட - எனக்கும் இவருக்கும் ஆர் கொள்ளி வைப்பது?

இதையெல்லாம் சத்தமாகச் சொல்லித்தான் அழுதேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சண்டிலிப்பாய்க்காரர்.

"கந்தரோடை எங்கடை வீட்டிலையிருந்து சைக்கிள் ஓடுற தூரம். அங்கை இருக்கிற சின்னச் சின்னப் பழைய புத்தத் தூபியளுக்கு மேலை ஏறி நாங்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினனாங்கள். அதைக் கட்டினவை ஆர் எண்டு நினைக்கிறீர்? ஒருகாலத்திலை தமிழ் பேசின ஆக்களும் புத்தரைக் கும்பிட்டவைதான்."

"அவையின்ரை அம்மாமாரும் அழுதிருப்பினம்" என்றேன்.

மனிதர் திரும்பவும் சிவப்புப் பேனையைத் திறந்தார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நான் ஆஸ்பத்திரி லாபில் இரத்தம் சோதிக்கிற வேலை. என்னோடு வேலை செய்பவள் சந்தமாலி. குருநாகல் சிங்களப் பிள்ளை. வந்து ஐந்து வருடம். எங்களிடமே தமிழ் பழகி, 'ஆம்' என்பதற்கு எங்களைப் போலவே 'ஓம்' போடுவாள். போயா என்கிற பௌர்ணமி நாட்களில் வெள்ளை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் போவாள். பௌத்தத்தில் சந்தேகம் வந்தால் எனக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்?

"சந்தமாலி, தாய்லாந்திலை மூண்டு கிழமைக்குப் பிக்குவா இருந்திட்டு வரலாமாம். உண்மையோ?"

அவள் கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"ஆர் அக்கா சொன்னது? அது பொய். போட்டாப் போட்டதுதான். கழட்டினா ஊரில தலை காட்டேலாது. அப்பிடி ஆக்களுக்கு எங்கட பக்கம் ஒரு பேர் இருக்கு. நல்ல பேர் இல்லை."

விஷயத்தைச் சொன்னேன். அவள் இன்னும் அதிர்ந்துபோனாள்.

"ஐயோ அக்கா, மூண்டு கிழமையில கழட்டுறதெண்டா தம்பியைப் போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! பாவம்!"

யோசித்துப் பாருங்கள். சைவக்காரி எனக்கு, பிள்ளை திரும்பி வராமல் விட்டுவிடுவானோ என்று கவலை. பௌத்தக்காரி அவளுக்கு, அவன் திரும்பி வந்துவிடப்போகிறானே என்று கவலை. இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் ஊர் விகாரையின் பெரிய ஹாமுதுரு - பிக்குமாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் - சில வருடம் பாங்கொக்கில் படித்தவராம். தேநீர் நேரத்தில் அவருக்குப் போன் எடுத்தாள். எடுக்கமுன் செருப்பைக் கழற்றினாள். கதிரையை விட்டு எழும்பி நின்றாள். போனில் கதைப்பதற்கு! ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சிங்களத்தில் கேட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. நல்ல, வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அவர் நீளமாகச் சொல்ல, இவள் துண்டு துண்டாகத் தமிழாக்கினாள்.

"உண்மைதானாம் அக்கா. அங்க பெடியள் வேலைக்கு லீவு போட்டே போவினமாம். ஒருக்கா இருந்திட்டு வந்த பெடியனைத்தான் 'பழுத்தவன்' எண்டு சொல்லுவினமாம். இருக்காதவன் 'காய்'. பெண் வீட்டுக்காரர் பழுத்தவனைத்தான் விரும்புவினமாம்."

சீவரம் போட்டால் கலியாணம் இல்லை என்று நான் அழுகிறேன். அங்கே, போட்டால்தான் பெண்ணே கொடுப்பார்களாம்!

மத்தியானம் போனில் தேடத் தொடங்கினேன். பர்மாவில் சின்னப் பெடியன்களுக்கு இளவரசர் வேஷம் போட்டு, ஊர்வலமாகக் கூட்டிப்போய், சில நாளுக்குத் துறவியாக்குகிறார்கள். தாய்வானில் துறவிமார் மரக்கறிதான். உள்ளிப்பூண்டு, வெங்காயம்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பிக்குமாரும் தாய்லாந்துப் பிக்குமாரும் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவார்கள், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜப்பானில் பிக்குமார் பலர் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, விகாரையை மகனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. போகிறதென்றால் ஜப்பானுக்குப் போயிருக்கலாமே இவன்?

ஆனால் வெட்கமும் வந்தது. சைவத்திலேயே, பிறந்த வீட்டில் ஒரு முறை, புகுந்த வீட்டில் இன்னொரு முறை என்று இருபத்தேழு வருடமாக மாமியாரோடு வழக்காடியவள் நான். இத்தனை நாடு பரந்த ஒரு மார்க்கம் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும் என்று எப்படி நினைத்தேன்?

காலையில் அந்த ஹாமுதுரு போனை வைக்கும்போது ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். 'அம்மாவுக்குச் சம்மதமா?'

அது ஏன் என்று இப்போதுதான் சந்தமாலி விளக்கினாள். தாய் தகப்பன் 'ஓம்' என்று சொல்லாவிட்டால் துறவு கொடுக்க முடியாதாம். எந்த நாட்டிலும் அதுதான் சட்டமாம். அதற்கு ஒரு கதையும் சொன்னாள். புத்தர் ஞானம் பெற்றுத் தன் ஊருக்குத் திரும்பி வருகிறார். அவருடைய மகன் ராகுலன், சின்னப் பெடியன், தகப்பனிடம் போய் 'எனக்குச் சேரவேண்டியதைத் தாங்கோ' என்று கேட்கிறான். அவர் கொடுத்தது துறவு. இதைக் கேட்டுப் புத்தரின் தகப்பன், அந்த வயதான அரசர், உடைந்துபோகிறார். முதலில் மகன் போனான். இப்போது பேரனும். மகனிடமே போய்ச் சொல்கிறார்: இனி எந்தப் பிள்ளையையும் தாய் தகப்பனைக் கேளாமல் எடுக்காதே. புத்தர் சரி என்று ஒத்துக்கொண்டார்.

"அதிலயிருந்து கேக்கிறவை அக்கா. இண்டைக்கும் சபையில கேப்பினம். நீ மனிசன்தானோ, வருத்தம் இல்லையோ, மாதாபிதா சம்மதமோ எண்டு."

மாதாபிதா. அந்தச் சொல்லுக்குத் தமிழாக்கமே தேவைப்படவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்துப்போய்விட்டது. ஞானம் பெற்ற ஒருவருக்கு முன்னால் போய் நின்று, 'எனக்கு நோகிறது' என்று சொல்லியிருக்கிறார். புத்தரும் 'நோகக்கூடாது, அது பற்று' என்று பிரசங்கம் செய்யவில்லை. சட்டத்தை மாற்றினார்.

"அப்ப நான் மாட்டன் எண்டு சொன்னால்?" என்று கேட்டேன்.

"ஏலாது அக்கா. முடிஞ்சுது."

அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதி! ஒரு சொல் போதும். மகன் மகனாகவே இருப்பான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் நானே கோல் எடுத்தேன். 'மாட்டன்' என்ற சொல்லை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான்.

"முதல்லை ஏன் எண்டு சொல்லு" என்றேன்.

"நேர்த்தி அம்மா" என்றான்.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்று இந்தப் பத்தியில்கூட எழுதவில்லை. அவனை வரவேண்டாம் என்று நான்தான் மறித்தேன். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த நாட்களில் அவன் வேலைக்குப் போகிற வழியில் ஒரு விகாரைக்குள் போய் இருந்தானாம். அந்த ஊரில் மகன் சீவரம் போட்டால் புண்ணியம் தாய்க்குத்தான் போகுமாம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் மூன்று கிழமை இருக்கிறேன் என்று நேர்ந்துவிட்டான்.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனி?" என்று கத்தினேன்.

"எனக்கு டெங்கு வரேக்கை காவடி எடுப்பிக்கிறன் எண்டு நேர்ந்தனீங்கள். என்னைக் கேட்டனீங்களோ? பத்து வயசிலை முதுகிலை முள்ளுக் குத்தினது எனக்குத்தானே. நான் எண்டாலும் உங்களைக் கேக்கிறன்."

பின்னால் நின்ற இவருக்கு இருமல் வந்தது. சிரிப்பை அடக்கினால் அவருக்கு இருமல்தான் வரும்.

"நீங்கள் மாட்டன் எண்டால் நான் செய்யேலாது அம்மா. செய்யவும் மாட்டன். அவ்வளவுதான்" என்றான். கோபம் இல்லை. அதுதான் என்னை உலுப்பியது. "முதல் தலைமயிரை அம்மாதான் வெட்டவேணும். உங்கடை பாஸ்போட் முடிஞ்சுபோச்செண்டு எனக்குத் தெரியும். கூட வேலை செய்யிறவன்ரை அம்மா வந்து வெட்டுறன் எண்டவ."

வேறு ஒருத்தி. என் பிள்ளையின் தலைமயிரை.

வாயில் வைத்திருந்த சொல் எங்கே போனதென்று தெரியவில்லை. "வடிவாய்ப் பார்த்து வெட்டச் சொல்லு. உன்ரை வலது காதுக்குப் பின்னாலை ஒரு மச்சம் இருக்கு" என்றேன். அதுதான் என் சம்மதம் என்று அவன் விளங்கிக்கொண்டான். அழுதான். நானும்தான்.

வெளிநாட்டுப் பெடியன் என்பதால் எழுத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம். எங்கள் நாட்டில் கடிதம் என்றால் என்ன? முத்திரை. இவரும் நானும் கிராம அலுவலரிடம் போனோம். ஆட்சி எத்தனை மாறினாலும் எங்களுக்கு அவர் விதானையார்தான்.

"என்ன மிஸ், பிள்ளையின்ரை விசாவுக்கோ?"

"இல்லை. துறவுக்கு."

அவர் பேனையைக் கீழே வைத்தார். இவரைப் பார்த்தார். "துறவை உறுதிப்படுத்த எனக்கு அதிகாரம் இருக்கோ தெரியேல்லை, சேர்."

"துறவை விடுங்கோ. கையெழுத்து என்ரை எண்டு உறுதிப்படுத்துங்கோ, காணும்" என்றேன்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். 'என் மகன் துறவு மேற்கொள்ள மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' ஆங்கிலத்தில் இவர் எழுதித் தந்தது.

"மிஸ், எத்தினை நாளுக்கெண்டு இல்லையே? போட்டால்தான் பாதுகாப்பு."

"நானும் அதைத்தான் சொன்னனான்" என்றார் இவர். "இஞ்சேரும், 'இருபத்தொரு நாளுக்கு மட்டும்' எண்டு போடும். அங்கை இருந்திட்டுப் பிடிச்சுப்போச்செண்டால்?"

அதுதானே என் பயமும்? மூன்று கிழமைக்கென்று போய், அங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்களாம். ஹாமுதுரு அதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

பேனையைக் கையில் எடுத்தேன். எழுத இடமும் இருந்தது. ஆனால் நாள் குறித்துக் கொடுத்தால் அது சம்மதமா? லீவு போர்ம் அல்லவா? அவன் என்னைக் கேட்டது லீவு இல்லையே.

"வேண்டாம். முத்திரையைக் குத்துங்கோ" என்றேன்.

ஒரு படம் வந்தது. தலைமயிரும் இல்லை, புருவமும் இல்லை. அந்த ஊரில் புருவத்தையும் மழிப்பார்களாம். ஒரு நிமிடம் எனக்கு ஆளைத் தெரியவில்லை. பிறகு காதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சபையில் அந்தக் கேள்வியைக் கேட்டார்களாம். 'ஓம்' என்று சொன்னானாம். அதோடு போனை வாங்கி வைத்துவிட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரும் எடுப்பதில்லை.

இதை வாசித்துவிட்டு என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கடிதத்தில் போடாத அந்த எண்ணைக் குசினிக் கலண்டரில் போட்டு வைத்திருக்கிறேன்... இன்று பதினோராம் நாள்.