அத்தைக்குத் தலை சுற்றிய மாலை

எனக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. மும்பை செம்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் காரில் போனால், லோணாவளா தாண்டி காட் ரோட்டில், அந்த மலைப்பாதையில் இறங்கும்போது கட்டாயம் எனக்காக வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். அதனாலேயே அங்கே நடந்த விசேஷங்களில் பாதிக்கு நான் போனதில்லை.

அப்படிப்பட்ட என் தலையில்தான் மாமியாரைக் கப்பலில் அழைத்துப்போகும் பொறுப்பு விழுந்தது. மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் கப்பலுக்குக் கொழுந்தன் டிக்கெட் வாங்கியிருந்தார். அத்தையின் வெகுநாள் ஆசை அது. கொழுந்தன் வீட்டில் கைக்குழந்தை. என் கணவருக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. மிச்சம் நான்தான்.

அத்தை நிக்டியில் கொழுந்தனோடு இருக்கிறார், நாங்கள் தாபோடியில். தூரம் அதிகமில்லை, போய் வருவதுதான் குறைவு. எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. பேச்சு அளவாக இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்துப் போபோடியில் எங்கள் டாக்டரிடம் போனேன். மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் உள்ளே தங்காது என்றார். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் ஆட்டம் குறையும். கொழுந்தனிடம் சொல்லி அறையை மாற்றச் செய்தேன். ஜன்னல் இல்லாத அறைதான் கிடைத்தது.

துறைமுகத்தில் நான் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, அத்தையிடமும் ஒன்றை நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு கோலி? என் ஜென்மத்துல உல்டி, வாந்தின்னு பண்ணதே இல்ல. உனக்குத்தான் அதெல்லாம்."

நான் வற்புறுத்தவில்லை.

மதியச் சாப்பாட்டில் அத்தை பூரி, புலாவ், இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டார். பிறகு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, செல்போனில் பேரனின் வீடியோக்களைப் பார்த்தார். மாலையில் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. கட்டிலோரம் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது. அத்தை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வியர்வை. அந்த வியர்வைக்கு அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். குளியலறைக்குக் கூட்டிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் அடங்கியதும், "மேல போகலாம் அத்தை, இங்க இருந்தா இன்னும் அதிகமாகும்" என்றேன்.

"என்னால நடக்க முடியாதும்மா."

கையைப் பிடித்து மெல்ல நடத்தி லிஃப்டில் ஏற்றினேன். திறந்த தளத்தில், கப்பலின் நடுவாகப் பார்த்து, காற்று முகத்தில் படும் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"அலையப் பாக்காதீங்க. அங்க தூரத்துல, தண்ணியும் வானமும் சேர்ற எடத்தையே பாருங்க. தலைய ஆட்டாதீங்க."

சொன்னபடி செய்தார். ஒருமுறை பையில் வாந்தி எடுத்தார். கப்பலின் டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஊசி போட்டார். நான் உப்பு பிஸ்கட்டை விண்டு விண்டு கொடுத்தேன், தண்ணீரை வாய் நனைகிற அளவுக்கு மட்டும்.

வெகுநேரம் கழித்து, தூரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"காட் ரோட்ல உனக்கு இப்படித்தான் ஆகுமா?"

"ஆமா அத்தை."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் மிச்ச பிஸ்கட்டை என் கையில் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்: "என் பொண்ணு வீட்டுக்கு வரப் பிடிக்காம நீ நடிக்கறதா நெனச்சேன். அவகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மாத்திரையின் மயக்கமோ என்னவோ, வரவில்லை. நாத்தனார் என்னிடம் எப்போதும் ஒட்டாமல் பேசுவதற்குக் காரணம் புரிந்தது. "குளிருதா அத்தை?" என்று கேட்டேன். தலையசைக்கப் போனவர், நினைவு வந்து, கையால் 'இல்லை' என்றார்.

மறுநாள் காலை கடல் அமைதியாக இருந்தது. அத்தை தானே கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். உப்புமா மட்டும் சாப்பிட்டார். கோவா கரை தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. நாத்தனார்தான் முதலில் கூப்பிட்டார்.

"கப்பல் நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "எனக்குத்தான் ஒரே சக்கர், தலையே சுத்திருச்சு, உல்டி வேற. அண்ணிதான் பாத்துகிட்டா. இரு, அவகிட்ட தர்றேன், பேசு."

நான் போனை வாங்கிக்கொண்டேன்.