முதல் வாக்குமூலம்

ஜெர்மனியில், ஹனோவருக்கு வெளியே பாண் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். யாருக்கு விடுமுறை, யாருக்குச் சுகமில்லை, யாருடைய விசா முடியப்போகிறது எல்லாம் என் மேசையில்தான் வந்து விழும். மா பிசையும் பகுதியில் எங்களுடைய ஆள் என்று ஒருவர்தான் இருந்தார், யாழ்ப்பாணத்து அண்ணை. அகதியாக வந்து, தலை நரைக்கும்வரை ஒரே இயந்திரத்தில் நின்றவர். ஒரு நாள் காலை, மாவைத் துண்டு போடும் அந்த இயந்திரம் அவருடைய வலது கை விரல்களையும் சேர்த்துத் துண்டு போட்டது.

பெரிய விபத்து நடந்தால் இங்கே தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் வருவார்கள், பொலிஸ் வரும், அரச வழக்குத்தொடுநர் கோப்புத் திறப்பார். அதற்கு எங்களைத் தயார்படுத்த நிறுவனம் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தது. நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார், குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தெரியாததை ஊகிக்க வேண்டாம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டு எனக்கு அவர்மேல் மரியாதையே வந்தது. எனக்கு மூளை அவ்வளவுதான்.

அண்ணை வைத்தியசாலையிலிருந்து வந்ததும் அவருடைய வாக்குமூலத்தை எழுதச் சட்டத்தரணியோடு ஒரு டெர்மின், சந்திப்பு நேரம், வைத்தார்கள். அவருக்கு டொய்ச் மொழி வரும், பயந்தால் ஓடிவிடும். அதனால் மொழிபெயர்க்க என்னை இருத்தினார்கள்.

"என்ர பிழைதான். நான்தான் கவனமில்லாமல் கையை விட்டனான்" என்றார் அண்ணை.

அம்புலன்சில் ஏற்றும்போது அவர் சொன்னதும் இதுவே. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மைஸ்டர் பக்கத்தில் நின்று அழுதாராம். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னது. எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும்தானே, பேருந்தில் காலை மிதித்தவனுக்கே 'பரவாயில்லை, நான்தான் நீட்டிக்கொண்டிருந்தனான்' என்பார்கள். மைஸ்டரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அதை ஒரு சொல் பிசகாமல் விபத்து அறிக்கையில் எழுதிவிட்டார்.

அண்ணையை வீட்டில் விட நான்தான் காரில் கூட்டிப் போனேன். வழியில் சும்மா கேட்டேன்.

"மெஷின்ர கத்திக்கு முன்னால இருக்கிற அந்தக் கண்ணாடிக் கதவு பூட்டித்தானே இருந்தது அண்ணை?"

"எங்க பிள்ளை. மாத்துத் திறப்பு மெஷினிலதானே கிடந்தது."

காரை ஓரமாக நிறுத்தினேன். அந்தக் கதவைத் திறந்தால் கத்தி தானாக நிற்க வேண்டும். மாற்றுத் திறப்பை, அதாவது உபரிச் சாவியை, கதவின் பூட்டில் செருகிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக எண்ணி இயந்திரம் ஓடும். அது திருத்த வேலை செய்யும் மெக்கானிக்குக்கு மட்டும் உரியது. மா ஒட்டும்போதெல்லாம் நிறுத்தினால் வேலை பிந்துகிறது என்று மைஸ்டர் அதை நிரந்தரமாகவே செருகி வைத்திருந்திருக்கிறார். அதிகாரிகள் வந்து பார்த்தபோது திறப்பு மெக்கானிக்கின் அலுமாரியில் ஒழுங்காகத் தொங்கியது. யார் கழற்றினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப ஏன் அங்க சொல்லேல்லை?" கத்தியேவிட்டேன்.

"முதல் ஒண்டு சொல்லிப்போட்டன் எல்லோ. இனி மாத்த ஏலாது."

அவர் அசூல், அகதித் தஞ்சம், கேட்டு வந்த காலத்தில், தம்பியை ஆமி பிடித்தது மாசியில் என்று முதல் விசாரணையில் சொன்னாராம். அடுத்ததில் பங்குனி என்றாராம். தம்பி பிடிபட்டது உண்மை, திரும்பி வராததும் உண்மை. மாதம் மட்டும்தான் குழம்பியது. முன்னுக்குப் பின் முரண், நம்ப முடியாது என்று எழுதி நிராகரித்தார்கள். பிறகு எத்தனையோ வருடம், எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று பயந்தபடி இருந்தார். அந்தக் கால முகாம்களில் புதிதாக வந்தவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: என்ன சொன்னாயோ அதிலேயே நில். என் அப்பாவும் அப்படி ஒரு முகாமில் இருந்தவர்தான். கடையில் பிழையான சாப்பாட்டைச் சொல்லிவிட்டால், மாற்றிக் கேட்காமல் அதையே சாப்பிட்டுவிட்டு வருவார். நாங்கள் சிரிப்போம்.

"அண்ணை, இது அசூல் கேஸ் இல்லை. காயப்பட்டது நீங்கள். உங்களை ஒருத்தரும் அனுப்பேலாது. இப்ப உங்கட இடத்தில அந்த எரித்திரியாக்காரி நிக்கிறா. அவவின்ர கையும் போகட்டோ?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கள் இங்க வளந்த பிள்ளை. உங்களுக்கு விளங்காது. ஒருக்காப் பொய்யன் எண்டு எழுதினாங்கள் எண்டால் அது போகவே போகாது."

"அப்ப நான் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. நான் இல்லை எண்டுவன்."

நான் விடவில்லை. மறுநாளே சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதை அவர் வாக்குமூலத்தில் சொன்னாரா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் நாங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதே" என்றார், மிகவும் அன்பாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதுகாப்பு அதிகாரிக்கே தொலைபேசி எடுத்தேன். அந்த மனிதரும் தன் கடமையைச் செய்தார். அண்ணையைக் கூப்பிட்டு, திறப்பு இயந்திரத்தில் இருந்ததா என்று நேராகவே கேட்டார். அண்ணை இல்லை என்றார். விசாரணை முடிந்தது.

அதன் பிறகு ஒரு நாள் நான் மா பிசையும் பகுதிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, எரித்திரியாக்காரி உள்ளே கையை விட்டு மாவை வழித்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் மைஸ்டர் வந்து திறப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "இப்போதுதான், ஒரு நிமிடத்துக்கு" என்றார். நான் படியேறி முடிக்கும்முன் திரும்பவும் செருகியிருப்பார். இதையும் அதிகாரிக்குச் சொன்னேன், குறித்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குக் களைத்துவிட்டது.

அந்த வாரமே அண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். இடது கையால் கோப்பையைப் பிடிக்க அண்ணை இன்னும் பழகவில்லை, கொஞ்சம் சட்டையில் ஊற்றிக்கொண்டார். மேசையில், கோப்பை மூடிவிட்டதாக வழக்குத்தொடுநரிடமிருந்து வந்த கடிதம் விரித்திருந்தது. அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பாத்தியளோ பிள்ளை, முதல் தரமே நம்பிட்டாங்கள்!"

ஒரு வரியின் கீழே பேனையால் கோணல்மாணலாகக் கோடு இழுத்திருந்தார். அதை மட்டும் மனைவிக்குத் தமிழில் ஒருக்கா வாசித்துக் காட்டச் சொன்னார். பாதிக்கப்பட்டவரின் கூற்று தொடக்கத்திலிருந்தே முரண்பாடற்றது, முழுமையாக நம்பத்தகுந்தது என்று வாசித்தேன்.

"இன்னொருக்கா" என்றார்.