இடது கால் எதற்கு வந்தது?

பச்சைமலை ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் என் வலது தொடை எரியத் தொடங்கிவிடும். இடது காலோ அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல இருக்கும். எரிச்சல் தாங்காமல் காலை ஊன்றிவிடுவேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதே கதை. ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் உச்சியைத் தொட வேண்டும், அதை என் தோழி பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அவள் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நான் பெரம்பலூர். கல்லூரியில் ஒரே பெஞ்சு. மலையில் எப்போதும் தன் சைக்கிளில் எனக்கு முன்னால் போய், வளைவில் நின்று வம்பிழுப்பாள்.

"என்னடி, மறுபடி கால ஊனிட்டியா? பேசாம ஒரு மொபெட் வாங்கிக்க."

"வலது கால் மட்டுந்தான்டி வலிக்குது."

"அப்ப இடது கால் எதுக்கு வந்துச்சு, சுத்திப் பாக்கவா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு உறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பால் இரண்டு தொடைகளையும் அளந்தேன். வலது தொடை ஒரு விரற்கடை பெருத்திருந்தது! சீட் உயரத்தை மாற்றிப் பார்த்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். காரணம் அங்கெல்லாம் இல்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வழக்கம்போலச் சொன்னார்: "வலது கால எடுத்து வச்சுப் போ." வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். சைக்கிளிலும் அதைத்தானே செய்கிறேன்? எங்கே நின்றாலும் இடது கால் சாலையோர மண்ணில்தான் இருக்கும். டவுன் சிக்னலானாலும் சரி, எறையூர்ப் பக்கம் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கிய இடமானாலும் சரி, மறுபடி மிதித்துக் கிளப்புவது வலது கால். இத்தனை வருட நல்ல சகுனமும் ஒரே தொடையில் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிலிருந்து இடது காலால் கிளப்பினேன். முதல் நாளே தடுமாறிப் பள்ளத்தில் இறங்கினேன். விடவில்லை. சமதளச் சாலையில் இடது காலால் மட்டும் மிதித்தேன். வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு காலிலேயே உட்கார்ந்து எழுந்தேன்.

"கெளம்புறப்ப இடது கால எடுத்து வைக்கிறியே, வெளங்குமா?" என்றார் அம்மா.

"ரெண்டும் நீ பெத்த கால்தானேம்மா."

சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோழி போனில் கேட்டாள்: "என்னடி பண்ற, மூச்சு வாங்குது?"

"ஒத்தக் கால்ல நிக்கிறேன்."

"அது இன்னிக்கா? காலேஜ்லேருந்தே அப்படித்தான நிக்கிற."

இரண்டு மாதம் கழித்து மறுபடி மலை. மூன்றாவது வளைவில் அவள் செல்போனோடு தயாராக நின்றாள், நான் கால் ஊன்றுவதைப் படம் பிடிக்க. எரிச்சல் வந்தது, ஆனால் இரண்டு தொடைகளிலும் ஒன்றாக வந்தது. இடதை அழுத்தினேன், அது கேட்டது. நிற்காமல் அவளைத் தாண்டினேன்.

"ஏய், நில்லுடி!"

"நின்னா கால் ஊனணும்டி!"

உச்சியில் டீக்கடைக்கு முன்னால் கொஞ்சம் சமதளம். இரண்டு கால்களும் ஒரே அளவாக நடுங்கின. ஆனாலும் இறங்கவில்லை. சாட்சி இன்னும் வந்து சேரவில்லையே! அந்த இடத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

இரைக்க இரைக்க அவள் வந்து சேர்ந்தாள்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். எறங்கித் தொலடி."

இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கினேன்.